சாரலில் பறந்த பற்பொடிக் கப்பல்

1958ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி ஒன்பது நாற்பது. போலீஸ் பதிவில் பத்து மணி என்று எழுதியிருந்தார்கள், அது தவறு. நாற்பது நிமிடம் சுள்ளென்று வெயில் அடித்து ஓய்ந்து, செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து சாரல் இறங்கத் தொடங்கி ஏழெட்டு நிமிடம் ஆகியிருந்தது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், மேலகரம் தாண்டி வயல்களுக்கிடையே போகும் வண்டிப்பாதையில், நாற்பத்தைந்தடி நீளமும் பதினைந்தடி பருமனும் உள்ள பை ஒன்று தரையிலிருந்து முப்பதடி உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்துக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு பேர் அதன் கயிறுகளைப் பிடித்திருந்தார்கள். மூக்குக் கயிறு என் மாமாவின் கையில். விசில் என் கழுத்தில். எனக்கு வயது பதினொன்றும் மூன்று மாதமும்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. யுத்த காலத்தில் வயதைக் கூட்டிச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்து, கல்கத்தாத் துறைமுகத்தில் இரண்டரை வருஷம் இருந்தவர். துப்பாக்கி பிடிக்கவில்லை, கயிறு பிடித்தார். எதிரி விமானங்கள் தாழப் பறந்து கப்பல்கள்மேல் குண்டு போடாமலிருக்க, துறைமுகத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பெரிய பலூன்களைக் கம்பியில் கட்டி மேலே நிறுத்தியிருப்பார்களாம். அவற்றை ஏற்றுவதும் இறக்குவதும் ஒட்டுப் போடுவதும் மாமாவின் வேலை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு பதின்மூன்று வருஷத்தில் ஒன்பது வேலை பார்த்தார். அவற்றில் முதலாவது சைக்கிள் கடை. இரண்டாவது சோடா கம்பெனி. எதிலும் இரண்டு வருஷம் தாண்டவில்லை.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. தாய்மாமன் இருக்கும்போது வெளியில் மாப்பிள்ளை தேடுவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. ஆனால் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு வழக்கத்தைவிடச் சம்பளப் பட்டியலில் நம்பிக்கை அதிகம். “சைக்கிளுக்குக் காத்தடிச்சான், சோடாவுக்குக் காத்தடச்சான். காத்த அடச்சுப் பொழைக்கவனுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்க?” என்று அம்மாவிடம் கேட்பார். மாமா கூடத்தில் இருக்கும்போதே கேட்பார். மாமா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “ஏ மருமவனே, உங்கப்பா சொல்லுதது வாஸ்தவந்தான்” என்பார். அக்கா அடுக்களையில் ஏதாவது பாத்திரத்தைக் கீழே போடுவாள்.

அந்த வருஷம் மதுரையில் இருந்த ஒரு பற்பொடிக் கம்பெனியின் ஏஜெண்டை மாமா எங்கோ பிடித்தார். சீசனுக்குக் குற்றாலம் வருகிற அத்தனை பேரும் காலையில் எழுந்ததும் பல்தான் தேய்க்கிறார்கள். அந்த நேரத்தில் தலைக்குமேலே பற்பொடியின் பெயர் மிதந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டாராம். ஏஜெண்டுக்கு அது பிடித்துப்போயிற்று. இரண்டு பக்கம் டைப் அடித்த ஒப்பந்தம் ஒன்று வந்தது. முன்பணம் அறுநூறு ரூபாய். நாற்பது நாள் பறந்தால் மாமாவுக்குக் கம்பெனியில் மாதம் நூற்றிருபது ரூபாயில் நிரந்தர வேலை. அப்புறம் திருச்சி, கோயமுத்தூர் என்று ஊர் ஊராகப் பறக்க வேண்டியது. பை தொலைந்துபோனால் என்ன என்பதற்கும் ஒரு வரி இருந்தது. காற்று அறுத்துக்கொண்டு போனால் கம்பெனியின் நஷ்டம். ஆட்களின் தவறால் போனால் மாமாவின் நஷ்டம்.

அப்பா அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார். “நாப்பது நாளு பறக்கட்டும். ஆவணியில முகூர்த்தம் பாக்கேன். முப்பத்தொம்பது நாளு பறந்தாலும் பேச்சு கிடையாது.”

ஆக, வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கணக்கு தெரியும். நாற்பது.

துணி, யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலம் விட்ட பழைய பலூன் துணி. அதை மாமா பதினாறு நீளக் கீற்றுகளாக வெட்டினார். அக்கா எங்கள் வீட்டுத் தையல் மிஷினில் அவற்றை ஒன்றோடொன்று தைத்தாள். தைத்த இடத்தில் வாயு கசியாமலிருக்க, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடும் சொலூஷனை மாமா விரலால் தடவிக்கொண்டே வருவார். இருபத்திரண்டு நாள் வீடு முழுக்க அந்த நெடிதான். அவள் தைத்துக்கொண்டே போவாள், அவர் தடவிக்கொண்டே பின்னால் வருவார். இருவருக்கும் நடுவில் எப்போதும் இரண்டடித் துணி இருந்தது. அம்மா அடிக்கடி வந்து அது இரண்டடிதானா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

“இதுல எத்தன சேலை வரும்?” என்று அக்கா ஒருநாள் கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். நான் நோட்டில் பெருக்கிப் பார்த்து இருபத்தைந்து என்றேன்.

“ஆவணிக்கு ஒண்ணு போதாதா?” என்றார் மாமா, துணியைப் பார்த்தபடியே.

மிஷின் சிறிது நேரம் ஓடவில்லை. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஆகாசக் கப்பல் எப்படி நிற்கிறது என்பதை மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த இருபத்திரண்டு நாளில்தான். கப்பல் என்று பெயரே தவிர அதற்குள் கட்டையோ கம்பியோ எதுவும் கிடையாது. “இதுக்கு எலும்பு கிடையாது மருமவனே. மூச்சுதான் எலும்பு. உள்ள மூச்சு நெறைய இருந்தா மீன் மாதிரி நிக்கும். மூச்சு கொறஞ்சா ஈரத்துணி.” காற்றைவிடக் கனம் குறைந்த வாயுவை உள்ளே நிரப்பினால், ஒரு கன அடி வாயு ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் எடையைத் தூக்கும். எங்கள் பையின் கொள்ளளவு ஐயாயிரத்து முந்நூறு கன அடி. பதினாறு அவுன்ஸ் ஒரு ராத்தல். முந்நூற்று முப்பத்தொரு ராத்தல் தூக்கும். பையும் வாலும் கயிறுகளும் சேர்ந்து நூற்றறுபது ராத்தல். மிச்சம் நூற்றெழுபத்தொன்று. இதை நான்தான் போட்டேன். மாமா திருத்தவில்லை.

சிக்கல் எங்கே என்றால், வாயு வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். விரிந்தால் பை வெடிக்கும், சுருங்கினால் தொளதொளத்துப்போகும். அதனால் பெரிய பையின் வயிற்றுக்குள் ஒரு சின்னப் பை. அதில் வெறும் காற்று. வெயில் ஏறினால் சின்னப் பையிலிருந்து காற்றை வெளியே விட வேண்டும். குளிர்ந்தால் மறுபடி அடைக்க வேண்டும். அடைப்பதற்கு மாமா கொல்லுப்பட்டறைத் துருத்தி ஒன்றை வாடகைக்குப் பிடித்து மாட்டுவண்டியில் ஏற்றியிருந்தார். கொல்லர் வண்டியில் உட்கார்ந்து ஊதுவார்; துணிக்குழாய் வழியாகக் காற்று மேலே போகும். கல்கத்தாவில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை செய்கிற வேலை இது. குற்றாலத்துச் சீசனில் மணிக்கு நாலு தடவை செய்ய வேண்டியிருந்தது. பத்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் சாரல் என்று ஊரே கொண்டாடுகிற அந்தச் சுகம் அந்தப் பைக்கு ஆகவில்லை.

“ஏரோப்ளேன் எல்லா ஊர்லயும் பறக்குது. இது ஏன் மாமா எங்கயும் இல்ல?” என்று கேட்டேன்.

மாமா விரலில் ஒட்டியிருந்த சொலூஷனைத் தேய்த்து உருட்டிக்கொண்டே சொன்னார். “ஏரோப்ளேனு காத்தோட சண்ட போட்டு நிக்குது. இது காத்துட்ட கேட்டுக்கேட்டு நிக்கணும். வீடு மாதிரி இருக்கு, ஆனா ஒரு ஆளு கனந்தான் தூக்கும். வாயு துணி வழியா தெனமும் ஒழுகும். காசு குடுத்து வாங்கி ஊத்திக்கிட்டே இருக்கணும். தீப்பிடிக்காத வாயு ஒண்ணு உண்டு, அது அமெரிக்காக்காரன்ட்டதான் கிடக்கு. கீழ எறக்குனா வைக்கதுக்குக் கோயில் மண்டபம் மாதிரி எடம் வேணும். பிடிக்கதுக்குப் பன்னெண்டு பேரு வேணும். இவ்வளவு கேட்டா எவன் வச்சிருப்பான்?”

“அப்ப நீங்க ஏன் வச்சிருக்கீய?”

“எனக்கு இது ஒண்ணுதானலே தெரியும்.”

வாயு, ரயிலில் வந்தது. இருபத்தெட்டு இரும்பு உருளைகள், ஒன்றில் கசிவு. சீசனில் மூடிக்கிடந்த டூரிங் டாக்கீஸ் கொட்டகைதான் மண்டபம். திரை இருந்த பக்கத்தைப் பிரித்துவிட்டு உள்ளே வைத்து நிரப்பினார்கள். கொட்டகைக்கு வருகிறவர்களின் மடியை மாமாவே தடவிப் பார்த்துப் பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொள்வார். முதல் நாள் ஒன்பது தீப்பெட்டி. அம்மா அங்கே சூடம் காட்டக்கூட அவர் விடவில்லை. எல்லோரும் நெருப்புக்குப் பயந்தோம். நெருப்பு கடைசி வரை வரவில்லை.

கயிறு பிடிக்கப் பன்னிரண்டு பேரை மாமா தேர் இழுக்கிறவர்களிலிருந்து எடுத்தார். தென்காசிப் பெரிய கோயில் தேருக்கு வருஷாவருஷம் முன்வரிசையில் வடம் பிடிக்கிறவர்கள். கை ஒவ்வொன்றும் உலக்கை. அவர்களுக்கு மூத்தவரை ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். பிடிக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விடத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

கல்கத்தாவில் ஒரு புயல்நாளில் மாமா கண்ணெதிரே இரண்டு பேர் கயிற்றை விடாமல் பிடித்து, பலூனோடு மேலே போய் விழுந்திருக்கிறார்கள். பெரிய காற்று வந்து விசில் கேட்டால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விட்டுவிட வேண்டும், மூக்குக் கயிறு மட்டும் வண்டியில் கட்டியிருக்கும், அது பார்த்துக்கொள்ளும் என்பது அங்கே விதி. அதை இங்கே கொண்டுவந்தார்.

“வடத்தப் பிடின்னு சொல்லு தம்பி, பிடிக்கோம். பத்து நாளு வேணும்னாலும் பிடிக்கோம். விடுன்னு சொல்லுதியே, அது எப்படி? விட்டா குத்தம்லா” என்றார் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, தேரு தரையில போவுது. இது மேல போவும். பிடிச்சுக்கிட்டே நின்னீயன்னா ஒங்களயும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும்.”

“எங்க, கைலாசத்துக்கா? அப்ப ஒரு வார்த்த வீட்டுல சொல்லிட்டு வந்துருதேன். அவளுக்குச் சந்தோசமா இருக்கும்.”

பதினொரு பேரும் சிரித்தார்கள். ஆனால் விசில் ஊதியதும் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் விடவில்லை. கை இன்னும் இறுகியது. வடம் குலுங்கினால் இறுக்கிப் பிடிப்பது அவர்கள் உடம்பில் ஊறியது. அப்பன், பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். விடாதவனுக்கு வடை கிடையாது என்று மாமா ஒரு சட்டம் போட்டார். இரண்டாம் நாள் மூன்று பேர் விடவில்லை. மூன்றாம் நாள் அண்ணாச்சி மட்டும். நான்காம் நாள் எல்லோரும் விட்டார்கள். அண்ணாச்சி தன் உள்ளங்கையை யாருடையதோ போலப் பார்த்தார். அன்று அவருக்கு மாமா இரண்டு வடை கொடுத்தார்.

ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால், ஆனி முடிவதற்குள் ஜூலை 12ஆம் தேதி பை மேலே போயிற்று. எட்டு நாள் கொட்டகை மைதானத்திலேயே கட்டி நின்றது. பிளந்து நின்ற பெரிய கோயில் மொட்டைக் கோபுரத்தின்மேல் ஏறிச் சில பேர் அதைப் பார்த்தார்கள். அப்பாவும் ஆபீஸ் விட்டு வரும்போது வேறு தெரு வழியாக வந்து பார்த்தார். நான் அவரைப் பார்த்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. வீட்டுக் காலண்டரில் அக்கா தினமும் ஒரு புள்ளி வைத்தாள்.

ஒன்பதாவது நாள் ஞாயிறு. அருவியில் கூட்டம் அதிகமிருக்கும் நாளில் அதைக் குற்றாலத்துக்கு நடத்திக்கொண்டுவர வேண்டும் என்பது ஏஜெண்டின் கட்டளை. சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் என்பதால் வயற்பாதை வழியாகப் போனோம். முன்னால் மாமா. பின்னால் துருத்தி வண்டி. கிளம்பும்போது மாமா விசிலைத் தன் கழுத்திலிருந்து கழற்றி எனக்கு மாட்டினார். மூக்குக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு, கொல்லரிடம் கத்தவும் வேண்டுமென்றால் வாயில் விசிலை வைத்துக்கொள்ள முடியாது.

“நான் கைய மேல தூக்குனா ஊதணும். நீளமா ஊதணும். வேற எதுக்கும் ஊதப்பிடாது. என்ன?”

“சரி மாமா.”

“பன்னெண்டு பேரு உசுரு ஒன் வாயில இருக்கு மருமவனே” என்று என் கன்னத்தைத் தட்டினார். நான் விசிலைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அக்கா அடுக்குப் பாத்திரத்தில் இட்லி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தையோடு பின்னால் வந்தாள். அந்த நேரத்தில் அவள் வாய்க்கால் கரையில் நின்றாள். எனக்கும் அவளுக்கும் இடையே முப்பதடி.

முதலில் அடித்த வெயிலில் வாயு பெருத்து, கொஞ்சம் வெளியே விட வேண்டியதாயிற்று. பிறகு சாரல் வந்தது. துணி நனைந்து முப்பது ராத்தல் கனம் கூடியிருக்கும். பை தாழ்ந்ததால் அதில் தொங்கிய எட்டு மணல் மூட்டைகளையும் அவிழ்த்துவிட்டார்கள். குளிர்ந்த வாயு சுருங்கி மூக்கு தளர்ந்தது. மாமா கொல்லரைப் பார்த்து, “ஊதும், ஊதும், நிறுத்தாதேயும்!” என்று கத்தினார். கொல்லர் ஊதினார். ஊதிய வேகத்தில் துருத்தி வாயிலிருந்து குழாய் கழன்றுவிட்டது.

மூக்குக் கயிற்றை வண்டி வளையத்தில் கட்டியிருந்தால் போதும். வண்டி பத்தடி பின்னால் நின்றது. மாமா கயிற்றை வலது முன்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, இடது கையால் குழாயை எட்டிப் பிடித்தார். கயிற்றைக் கையில் சுற்றாதே என்பதுதான் அவர் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் முதல் நாள் சொன்ன முதல் வார்த்தை.

காற்று கணவாயிலிருந்து ஒரே வீச்சாக வந்தது. தளர்ந்த மூக்கில் குழி விழுந்தது. பை பக்கவாட்டில் திரும்பி, பாய்மரம்போல் காற்றை வாங்கிக்கொண்டு எழும்பியது. மாமாவின் வலது கை தலைக்குமேலே போயிற்று. உள்ளங்கை விரிந்திருந்தது.

நான் ஊதினேன். நீளமாக, சொல்லிக்கொடுத்தபடி ஊதினேன்.

பன்னிரண்டு பேரும் விட்டார்கள். நான்கு நாள் பயிற்சியில் ஒருநாள்கூட அவ்வளவு ஒழுங்காக விட்டதில்லை.

மாமாவின் எடை நூற்றுப் பதினெட்டு ராத்தல். ரயில்வே ஸ்டேஷன் எடைமிஷினில் நானும் அவரும் ஏறிப் பார்த்திருக்கிறோம். பை அவரைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. முதலில் அவர் கால்கள் ஓடுவதுபோல் அசைந்தன. பிறகு அசையவில்லை. அவர் கத்தவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை. நான் எண்ணினேன். எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் எனக்கு வரவில்லை. பதினேழு எண்ணும்போது கையின் சுற்று அவிழ்ந்தது. கீழே சேறு நிறைந்த வயல் எவ்வளவோ கிடந்தது. அவர் விழுந்தது மடையின் கல்லில்.

பை கிழக்கே போய்விட்டது. சுரண்டைக்கு அப்பால் ஒரு பருத்திக் காட்டில் இறங்கி, ஏஜெண்டு போய்ச் சேர்வதற்குள் வண்டிக்கூண்டுகளுக்கும் வைக்கோல் படப்புகளுக்கும் மேல்துணியாகப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எல்லோரும் ஓடினார்கள். அக்கா எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். வழியில் நான் நின்றேன்; ஓடிய வேகத்தில் என் கழுத்தைச் சேர்த்துப் பிடித்து, முகத்தைத் தன் தோளில் ஒரு தடவை அழுத்திவிட்டுத் தொடர்ந்து ஓடினாள். பயந்துபோயிருப்பேன் என்று அணைத்தாள் என நினைத்தேன். நான் போனபோது மாமாவின் தலை அவள் மடியில் இருந்தது. இரண்டடித் துணி இல்லை. அம்மா அங்கே இல்லை.

துருத்தியை இறக்கிவிட்டு அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிற்பகல் நாலேகால் வரை மூச்சு இருந்தது. பேச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து ஏட்டையா விசாரித்தார். கூட நோட்டோடு ஏஜெண்டு நின்றார். கயிறு அறுந்ததா, விடச் சொன்னதால் விட்டார்களா என்பதுதான் ஏஜெண்டுக்கு வேண்டியிருந்தது.

“நாங்க கயித்தப் பாத்துக்கிட்டு நின்னோம்யா. விசில் சத்தம் கேட்டுது. விட்டோம்” என்றார் அண்ணாச்சி. பிறகு என் அம்மாவிடம் திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் நீட்டிக் காட்டினார். “சொன்னபடிதாம்மா விட்டோம். எங்க கை விடாதும்மா. அவுகதான் பழக்குனாவ.”

“விசில் ஊதுனது யாரு?” என்றார் ஏட்டையா.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். கைகள் கழுத்துக்குப் போயின. கழுத்தில் ஒன்றுமில்லை.

“மாமாதான் ஊதுனாவ. நான் பாத்தேன்” என்றாள் அக்கா. குரலில் எந்தப் பிசிறும் இல்லை. சட்டைப்பையைப் பார்க்கச் சொன்னாள். மாமாவின் சட்டைப்பையிலிருந்து கயிற்றோடு விசிலை எடுத்து ஏட்டையா மேசையில் வைத்தார். ஏஜெண்டு எழுதிக்கொண்டார். ஆட்களின் தவறு.

அன்றிரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். என் விசில் ஓட்டத்தில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். மாமாவிடம் வேறொரு விசில் இருந்திருக்க வேண்டும். ஆக விசில் இரண்டு. இரண்டு பேரும் ஊதியிருக்கலாம். ஆட்கள் கேட்டது அவருடையதாக இருக்கலாம். முப்பதடி தூரத்திலிருந்து பார்த்த அக்காவே அப்படிச் சொல்கிறாள். அவள் சரியாகப் பார்க்கவில்லையோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அதை நான் வளர்க்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை எழுதக் கூசுகிறது; ஆனால் தூங்கினேன்.

பள்ளி இறுதி வகுப்புக்கு வந்த பிறகு இன்னொரு கணக்கைப் போட்டேன். பன்னிரண்டு பேர், ஆளுக்குக் குறைந்தது நூற்றிருபது ராத்தல். மொத்தம் ஆயிரத்து நானூற்று நாற்பது. நனைந்த அந்தப் பை அன்று தூக்கக்கூடியது அதிகம் போனால் நூற்றுநாற்பத்தொன்று. காற்றுக்காக அதை மூன்று மடங்காக்கினாலும் நாலு பேர் பிடித்திருந்தால் போதும். கல்கத்தாவில் இருந்த பலூன்கள் இதைப்போல நாலு மடங்கு பெரியவை. அந்த விதி அவற்றுக்கானது. அண்ணாச்சியையும் மற்றவர்களையும் அவர்கள் பழக்கத்திலேயே விட்டிருந்தால், யார் என்ன ஊதினாலும் அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள். மாமா அந்த ஒரு பெருக்கலைப் போடவில்லை. தூக்கும் எடையை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். பிடிக்கும் எடையை யாரும் என்னைக் கேட்கவில்லை.

மாமாவுக்கு எங்களைத் தவிர யாருமில்லை. முன்பணத்தோடு, காலி உருளைகளைத் திருப்பி அனுப்பும் ரயில் செலவையும் சேர்த்துக் கம்பெனி கேட்டது. அக்கா தன் சங்கிலியையும் இரண்டு வளையல்களையும் கழற்றி அப்பாவின் முன்னால் வைத்தாள். எட்டுப் பவுன். அப்பா எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். அக்காவுக்கு நகை ஆசை இல்லை என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து அவளைச் சிவகிரியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். நகை இல்லாமல் அதற்குமேல் தேடமுடியாது என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

1968இல் திருநெல்வேலியில் எனக்குக் கணக்கர் வேலை. பதினைந்து மாதம் சேர்த்து எழுநூறு ரூபாயை ஒரு உறையில் போட்டுக்கொண்டு சிவகிரிக்குப் போனேன். அத்தான் கடையில் இருந்தார். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உறையை நீட்டினேன்.

“எதுக்கு இது?”

“சும்மா. வச்சுக்கோ.”

விசிலைப் பற்றி அதுவரை நான் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் என்னிடம் பேசியதில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நோட்டுகளை எடுத்து ஒரு தடவை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். என் முகத்தைச் சற்றுநேரம் பார்த்தாள்; கோபமில்லை, வேறு ஏதாவது இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எண்பத்தெட்டு ரூபாயைத் தனியாகப் பிரித்து என் கையில் திருப்பி வைத்தாள்.

“இது கூடுதலா இருக்கு” என்றாள். “சாப்பிட்டுட்டுப் போ.”

அக்காவின் எட்டுப் பவுன் 1958இல் கடைத்தெருவில் எவ்வளவுக்குப் போனது என்று அப்பா எழுதி வைத்திருந்தார், பவுன் எழுபத்தாறரை ரூபாய். சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். விசில் இரண்டல்ல, ஒன்றுதான்; அன்று அவள் சேர்த்துப் பிடித்த என் கழுத்தில் இருந்தது. எனக்கு ஆன செலவு அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.